ஒரு சாண் வயர்

ஆகஸ்ட் 3, சனி

டாக்டர் சொன்னதற்காக எழுதுகிறேன். ரத்தக்கொதிப்பு எவ்வளவு என்று தினமும் குறித்து வைக்க வேண்டுமாம். அன்றைக்குக் கோபம் வந்திருந்தால் எதற்கு வந்தது என்றும் எழுத வேண்டுமாம். "கோபம் வராத நாளுக்கு மட்டும் எழுதறேனுங்க, வேலை மிச்சம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த என் பெண்டாட்டி கோகிலாதான் சிரித்தாள். ஸ்பேர்ஸ் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இத்தனை மாதம் சும்மா கிடந்தது, இதற்காவது ஆகட்டும்.

150/96. கோபம்: உப்பில்லாத ரசம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் தண்ணீர் வந்தது. தொட்டி நிரப்பிவிட்டுப் பட்டறைக்குப் போகவே பத்து மணி ஆகிவிட்டது. பூபதி அதற்குள் ஷட்டரைத் திறந்து, கூட்டி, சாமி படத்துக்குப் பூவும் வைத்திருந்தான். பூபதி கோகிலாவின் தம்பி. கணபதியில் இந்தப் பட்டறை எங்கள் இருவருடையது. வயரிங் நான், வெல்டிங் அவன். என் வேலையில் அவன் கை வைக்க மாட்டான், அவன் வேலையில் நான் வாய் வைப்பேன். அப்படித்தான் ஓடுகிறது.

நவநீதன் வந்தார். பம்ப் கம்பெனி வீட்டுப் பையன், வண்டி என்றால் உயிர். டிக்கியில் அட்டைப் பெட்டி. உள்ளே பளபளவென்று ஹெடர். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்கள்தான் ஹெடர். கம்பெனி போட்டது கனத்த வார்ப்பிரும்பு. இது நான்கு ஸ்டீல் குழாய் தனித்தனியாக வந்து கீழே ஒன்றாகச் சேருவது. புகை தடையில்லாமல் போகும், வண்டி சீறும் என்று வெளியூரிலிருந்து வரவழைத்திருக்கிறார். "லோகுண்ணா, சனிக்கிழமை கொடைக்கானல் போறோம். அதுக்குள்ள வேணும்."

கோபம் இல்லை. அளவு பார்க்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பழைய குழாயைக் கழற்றுவதற்குள் இரண்டு போல்ட் உடைந்தது. பூபதி சூடு காட்டி எடுத்தான். ஹெடரின் கீழ் வாயும் வண்டியின் குழாயும் கொஞ்சம் ஒட்டவில்லை, அவன் வெட்டி வெல்டு வைத்துச் சேர்த்தான். அவன் வெல்டு பார்க்க அழகாகத்தான் இருக்கும். இதை அவனிடம் சொல்ல மாட்டேன், தலையில் ஏறிவிடும்.

பிறகுதான் வம்பு. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று இருக்கும். புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடவா குறைவா என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பழைய குழாயில் அது மேலே இருந்தது. புது ஹெடரில் அதற்கான ஓட்டை எல்லாக் குழாயும் சேருகிற இடத்தில், கீழே. வயர் ஒரு சாண் எட்டவில்லை.

"மேல ஒரு ஓட்டை போட்டு வெச்சுடு மாப்ள" என்றேன்.

"மேல வெச்சா ஒரு குழாய்ப் புகையைத்தான் அது பாக்கும். நாலும் சேர்ற எடத்துலதான் இருக்கோணும். வயரை நீட்டிக்கலாம் மாமா."

அதுவும் சரிதான். நாலு வயர். வெட்டி, ஒரு சாண் கூட்டி, ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்க உட்கார்ந்தேன். வயர் வேலையில் என் சால்டருக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. கண்ணாடி மாதிரி நிற்கும். பின்னால் நின்று பார்த்த பூபதி சொன்னான்: "மாமா, இந்த சென்சாருக்கு சால்டர் வெக்கக் கூடாதுங்கறாங்க. கிரிம்ப் பண்ணோணுமாமா. அந்த வயரு வழியாத்தான் அது மூச்சு வாங்குதாமா."

"வயரு மூச்சு வாங்குதா? சளி புடிச்சா ஆவி புடிக்கச் சொல்லலாமா மாப்ள?"

நவநீதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூபதியும் கொஞ்சம் சிரித்துவிட்டு அவன் பக்கம் போய்விட்டான். குழாயில் வயரை வைத்து அமுக்கிவிட்டுப் போகிற கிரிம்ப் எல்லாம் கை நடுங்குகிறவர்களுக்கு. நான் நாலையும் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, சூடு படாமல் ஹெடரை விட்டுத் தள்ளிக் கட்டினேன்.

140/90. கோபம் இல்லை, நல்ல வேலை செய்த நாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வண்டி கொடைக்கானல் போயிருக்கிறது. நவநீதன் வீடியோ அனுப்பினார், சத்தம் கேட்கவே சுகமாக இருந்தது.

குலதெய்வம் கோயிலுக்குப் போய் நாள் குறித்துவிட்டோம். செப்டம்பர் 5, எங்கள் மகள் தாரிணிக்கு மொட்டையும் காதுகுத்தும். மூன்று வயது முடிந்துவிட்டது, மாமியார் வீட்டில் எல்லோரும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். தாய்மாமன் மடியில்தானே உட்கார வேண்டும், பூபதி இப்போதே தோடு செய்யக் கொடுத்துவிட்டான். "மாமா மடியில உக்காந்து அழுவியா?" என்று அவன் கேட்டதற்கு, "மாமா அழுவான்" என்கிறாள் கழுதை.

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு நாளென்று பார்க்காமல் நவநீதன் வந்து நிற்கிறார். வண்டி பெட்ரோல் குடிக்கிறதாம். பின்னால் கருப்புப் புகை, பெட்ரோல் நாற்றம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி. வண்டிக் கம்ப்யூட்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன். ஏறி இறங்க வேண்டிய சென்சார் அளவு ஆடவே இல்லை, கீழேயே படுத்துக் கிடக்கிறது. புகையில் காற்று அதிகம், பெட்ரோல் பத்தவில்லை என்று அது சொல்கிறது. கம்ப்யூட்டரும் அதை நம்பி ஊற்றிக்கொண்டே இருக்கிறது.

இப்படிச் சொல்ல ஒரு காரணம்தான் உண்டு. சென்சாருக்கு முன்னால் எங்கேயோ குழாய் கசிகிறது, வெளிக்காற்று உள்ளே போகிறது. கசிகிறதென்றால் வெல்டு. நவநீதனிடம் அப்படித்தான் சொன்னேன். பூபதி பக்கத்தில்தான் நின்றான்.

158/100.

ஆகஸ்ட் 17, சனி

பூபதி புகைக்குழாயின் வாயில் பிளோயர் வைத்துக் காற்றடித்து, வெல்டு முழுக்கச் சோப்புத் தண்ணீர் பூசிக் காட்டினான். கசிந்தால் குமிழி வரும். ஒரு குமிழி வரவில்லை.

"பாத்தீங்களா மாமா."

"இப்ப ஆறிக் கெடக்குது. சூடாச்சுன்னா விரியும், அப்பத்தான் கசியும்" என்றேன்.

இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. செக்கச்செவேலென்று சூடான குழாயில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க முடியுமா? நல்ல பதில் சொன்னேன் என்றுதான் அப்போது இருந்தது. அவன் கிரைண்டரை எடுத்து, தான் வைத்த வெல்டைத் தானே அறுத்து, மறுபடி வைத்தான்.

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. புக் பண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

திரும்ப அதே புகை. திரும்பக் கிரைண்டர். பூபதி இந்தத் தடவை ஹெடரை விட்டுவிட்டு ரொம்ப நேரம் சென்சார் வயரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். "என்னடா?" என்றேன். நவநீதன் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லீங் மாமா" என்று முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. இரண்டு பேருக்கும் கோகிலா அனுப்பியதை நானே தின்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நவநீதன் அவசரப்படுத்தினார். ஹெடரைக் கழற்றிச் சுந்தராபுரத்தில் வேறொரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். பூபதி வெல்டுக்கு மேலேயே இன்னொரு வெல்டு வைக்கச் சொல்லி வாங்கி வந்தேன். தடிமனாக, பொங்கின தோசை மாதிரி இருந்தது. கசியாது என்றார்கள்.

பூபதி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீழே வைத்தான். "என்ற வெல்டு மேல இன்னொருத்தன் கைங்களா மாமா?" என்றான். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அது வேறு. சாயந்திரம் ஒரு குட்டியானை வண்டி வந்தது. அவன் வெல்டிங் மிஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். சாமி படத்துக்குக் கும்பிட்டுவிட்டுத்தான் போனான்.

164/104. கோபம்: அவன்மேல். வேறு யார்மேல்?

ஆகஸ்ட் 24, சனி

கோகிலா பேசுவதில்லை. குழம்பு வைக்கிறாள், ஊற்றுகிறாள், போகிறாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

நவநீதன் வண்டியில் திரும்பவும் புகை. அந்தத் தோசை வெல்டும் கசிகிறதா என்ன. "சென்சாரே போயிருக்கும்" என்று சொல்லிப் புதுசு ஆர்டர் கொடுத்தேன்.

அவர் அதற்குள் தன் நண்பர்கள் கூட்டத்தில் எல்லோரிடமும் "பூபதி வெல்டு கசியுது" என்று சொல்லிவிட்டாராம். இந்த ஊரில் வண்டிப் பைத்தியங்கள் எல்லாம் ஒரே வாட்ஸப் குழு.

ஆகஸ்ட் 28, புதன்

பூபதியைத் தட்டு வைத்து அழைக்க வேண்டும். காதுகுத்துக்குத் தாய்மாமனைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய் அழைப்பதுதான் முறை. எனக்கு இன்றைக்கு வேலை இருந்தது. கோகிலா தனியாகப் போனாள். வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் தட்டில் எடுத்து வைத்துக் கொடுத்தது நான்தான்.

திரும்பி வந்ததும் கேட்டேன், "என்ன சொன்னான்?"

"வர்றேன்னான். 'மாமா நல்லா இருக்காரா'ன்னு கேட்டான்."

ஆகஸ்ட் 29, வியாழன்

புது சென்சார் வந்தது. அதன் வயரையும் ஒரு சாண் நீட்ட வேண்டும். சால்டரிங் அயனைச் சொருகுகிறேன், கரண்ட் போய்விட்டது. லைன் வேலையாம், சாயந்திரம்தான் வருமாம். நவநீதன் மாலை கல்யாணத்துக்குப் போக வேண்டும், வண்டி இல்லாமல் போக முடியாது என்று நிற்கிறார். வேறு வழியில்லை. பூபதி அலமாரியில் கிரிம்ப் போடுகிற பிளேயரும் பித்தளைக் குழாய்களும் விட்டுப் போயிருந்தான். நாலு வயரையும் அதில் வைத்து அமுக்கி, ஸ்லீவ் போட்டு அனுப்பினேன். பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 31, சனி

நவநீதன் போன்: "லோகுண்ணா, சூப்பருங்ணா! புகையே இல்ல, வண்டி பறக்குது. கடைசியில சென்சார்தானா?"

"ஆமாங்க, சென்சார் போயிருந்துச்சு."

கோகிலாவிடமும் அதையே சொன்னேன். சாதம் வடித்துக்கொண்டே கேட்டாள்: "வெளியூர்லருந்து ஹெடர் வர்ற வரைக்கும் அந்த சென்சார் நல்லாத்தானே இருந்துச்சு? ஒரு வாரத்துல எப்படிங்க போச்சு?"

"மிஷின்னா அப்படித்தான்" என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஒரு சின்ன வேலை பாக்கி என்று நவநீதனிடம் பொய் சொல்லி வண்டியை வரவழைத்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டேன்.

பழைய சென்சாரை எடுத்தேன். நான் வைத்த நாலு சால்டரையும் வெட்டினேன். அதே வயரைக் கிரிம்ப் பண்ணினேன். வண்டியில் மாட்டி ஸ்கேனர் போட்டேன். இன்ஜின் சூடாகும் வரை அளவு படுத்துக் கிடந்தது. பிறகு எழுந்து ஆட ஆரம்பித்தது, மேலே, கீழே, மேலே, கீழே. அன்னூர் வரை ஓட்டிவிட்டு வந்தேன். புகை இல்லை. பிளக்கில் கரி இல்லை.

சென்சார் போகவில்லை. வெல்டும் கசியவில்லை.

வெளிக்காற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் என்று அந்தச் சென்சாருக்குத் தெரியும். அந்த வெளிக்காற்று உள்ளே போகிற வழி வயருக்குள் இருக்கிற நூல் நூலான கம்பிகளின் இடைவெளிதான். அந்த இடைவெளியில் ஈயத்தை ஊற்றி, கண்ணாடி மாதிரி அடைத்தால் அது என்ன செய்யும்? கழுத்தை நெரித்துவிட்டு, ஏன் சரியாகப் பேசவில்லை என்று கேட்ட மாதிரி.

வெட்டிய நாலு துண்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

அளவு பார்க்கவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

பந்தல்காரருக்குப் போன் பண்ணினேன். சமையல்காரர் வாழை இலை வேண்டுமா தையல் இலை வேண்டுமா என்று கேட்டார். வாழை.

பூபதிக்குப் போன் பண்ண எடுத்தேன். நாலு பேர் நடுவில் சொன்னதை நாலு பேர் நடுவில்தானே மாற்றிச் சொல்ல வேண்டும், காதுகுத்தில் நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

பூபதி சரியான நேரத்துக்கு வந்தான். சீர்த் தட்டு, பட்டுப் பாவாடை, தோடு, அவளுக்கு ஒரு பொம்மை ஜேசிபி. முறையில் ஒரு குறை இல்லை. தாரிணி அவன் மடியில் உட்கார்ந்தாள். மொட்டைக்குச் சிரித்தாள். ஊசியைப் பார்த்ததும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவன் கண்ணிலும் தண்ணீர். "மாமா அழுவான்னு சொன்னீல்ல தங்கம், பாரு, அழுவறேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

என் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டான். "வாங்க மாமா", "சரிங் மாமா" எல்லாம் சொன்னான். சட்டைப் பையில் கவர் இருந்தது. நவநீதனும் அவர் கூட்டமும் முன்வரிசையில் இருந்தார்கள். சாப்பாடு முடியட்டும் என்று நினைத்தேன்.

பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்கு. போட்டு, தண்ணீர் தெளித்து, இனிப்பு வைத்து, கோகிலா தேடினாள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். கை நனைக்காமல் போய்விட்டான்.

அந்த இலையில் வேறு யாரையும் உட்கார வைக்கக் கோகிலா விடவில்லை. ஈ மொய்த்தது. எல்லோரும் எழுந்த பிறகு நானே மடித்து எடுத்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

சரவணம்பட்டிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். பெரிய பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். காபி போட்டுக் கொண்டு வந்தான்.

கவரை எடுத்து டீப்பாயில் வைத்தேன். நாலு துண்டு. இன்னமும் பளபளவென்றுதான் இருந்தது.

அவன் கையில் எடுக்கவில்லை. "தெரியுங் மாமா" என்றான்.

"எப்பலிருந்து?"

"மொதல்லயே ஒரு சந்தேகம். ரெண்டாந்தடவை கிரைண்டர் வெக்கறப்பத் தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன்டா சொல்லல?"

"மொதல்ல சொன்னனுங்களே. சிரிச்சீங்க." ஒரு சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான். "நவநீதன் உக்காந்திருந்தாரு. அவரு முன்னால நான் ஜெயிச்சு நீங்க தோத்த மாதிரி ஆயிரும். அவரு இல்லாதப்ப நீங்களே கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க சுந்தராபுரம் போயிட்டீங்க."

நான் காபி டம்ளரைக் கையில் எடுத்தேன்.

"அவருகிட்டச் சொல்லீட்டீங்களா மாமா?"

"காபி நல்லா இருக்குது" என்றேன்.

அவன் திரும்பவும் துணி மடிக்க ஆரம்பித்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் வெல்டர் வேலை, அடுத்த வாரம் சேர வேண்டும். இங்கே இரண்டு பேரிடம் கேட்டானாம். "உங்க வெல்டு கசியுதாமே" என்றார்களாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோகிலா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். தாரிணி ஜேசிபியையும் கொண்டு போனாளாம். நான் பட்டறையைக் கூட்டினேன். வெல்டிங் மிஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருக்கிறது.

செப்டம்பர் 21, சனி

நவநீதன் ஒரு நண்பரைக் கூட்டி வந்தார். அவரும் ஹெடர் வாங்கியிருக்கிறார். பெட்டியைத் திறந்து காட்டியவர் முதலில் கேட்டது: "வெல்டு யாருங்ணா வெப்பாங்க? உங்க பழைய ஆளு வெச்சது கசிஞ்சுதாமே."

இன்னும் இரண்டு கஸ்டமர் இருந்தார்கள். எதிர் டீக்கடைக்காரர் டம்ளர் எடுக்க வந்து நின்றார்.

"அது கசியவே இல்லீங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், எனக்கே தூக்கிப் போட்டது. "பூபதி வெல்டுல ஒரு குத்தமும் இல்ல. வயரை நீட்டறப்ப சால்டர் வெச்சது நான். வெக்கக் கூடாதுன்னு அவன் சொன்னான். நான் கேலி பண்ணுனேன். நல்ல வெல்டை அவன் ரெண்டு தடவை அறுத்துட்டு வெச்சான், என்றனால."

நவநீதன் கொஞ்சம் திகைத்தார். பிறகு சிரித்தார். "அட விடுங்ணா. வண்டி ஓடுதுல்ல, சின்ன விஷயம்."

அவருக்குச் சின்ன விஷயம்தான். அந்த நண்பர்தான் ஹெடரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அப்ப அவரையே வரச் சொல்லுங்க. அவரே வெக்கட்டும்."

"அவன் ஓசூர்ல இருக்கானுங்க" என்றேன். பெட்டியை மூடி அவரையே எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு போன் பண்ணினேன். பின்னால் மிஷின் சத்தம். "சொல்லீட்டேன் மாப்ள" என்றேன். என்ன, யாரிடம் என்று அவன் கேட்கவில்லை. சத்தம் குறைந்தது, வெளியே வந்திருப்பான். கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன், ஆகவில்லை.

"சாப்ட்டீங்களா மாமா?" என்றான்.

"இன்னும் இல்ல."

"நேரமாச்சு. போய்ச் சாப்பிடுங்க."

வைத்துவிட்டான். தீபாவளிக்கு வருவானா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் தட்டு போடச் சொன்னேன். உப்பில்லாத ரசம்தான். அவன் சொன்னதற்காக முழுசும் சாப்பிட்டேன்.